கையெழுத்து வாங்காமல் வைத்துவிட்டுப் போன பார்சல்: நட்டம் யார் தலையில்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், கிளென்வுட் பகுதியில், மாணவர்களுக்கென்று வாடகைக்கு விடப்படும் ஓர் அடுக்குமாடியில் தங்கிப் படிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். ஆன்லைனில் 14,000 ராண்டுக்கு லேப்டாப் ஆர்டர் செய்தார். வகுப்பில் இருந்தபோது டெலிவரி முடிந்துவிட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. பெற்றவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘செக்யூரிட்டி’, கையெழுத்துக்குப் பதில் ஒரு கோணல் கோடு. கேட்டில் விசாரித்தால் யாரும் எதையும் வாங்கவில்லை என்கிறார்கள். கடை கூரியரைக் கேட்கச் சொல்கிறது, கூரியர் கடையைக் கேட்கச் சொல்கிறது. “கையெழுத்து வாங்காமல் வைத்துவிட்டுப் போக இவர்களுக்கு உரிமை இருக்கிறதா?” என்பது அவர் எழுதிய கேள்வி. அந்த 14,000 ராண்ட் யார் தலையில் விடியும் என்பதுதான் அவருக்கு உண்மையில் தெரிய வேண்டியது. அதற்கே பதில் சொல்கிறேன். கையெழுத்து விஷயம் வழியில் தானாக வரும்.

நான் வழக்கறிஞர் இல்லை. டர்பனிலும் பிறகு ஜோகன்னஸ்பர்க்கிலும் கூரியர் கம்பெனிகளில் வேலை பார்த்தவன். முதலில் வண்டிகளுக்குப் பார்சல் பிரித்துக் கொடுக்கும் இடத்தில், அப்புறம் பல வருடம் காணாமல் போன பார்சல்களுக்கான கோரிக்கைகளைப் பார்க்கும் மேசையில். எனக்குத் தெரிந்த சட்டமெல்லாம் அந்தக் கோப்புகள் வழியாக வந்ததுதான். ஆகவே பார்சல் எப்படிக் கைமாறுகிறது என்று நான் சொல்வதை அப்படியே நம்பலாம். சட்டப் பகுதியில் எது உறுதி, எது வாதத்துக்கு உரியது என்று பிரித்தே சொல்கிறேன்.

முதலில் உறுதியானது. தென்னாப்பிரிக்காவில் சாதாரணப் பொருளைக் கொடுக்கும்போது வாங்குபவரின் கையெழுத்தைப் பெற்றே ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் கட்டாயப்படுத்தவில்லை. கையெழுத்து என்பது கடைக்கும் கூரியருக்கும் இடையே உள்ள ஏற்பாடு. கடை எந்தச் சேவைக்குப் பணம் கட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்து, நேரில் அடையாள அட்டை பார்த்துக் கொடுப்பது, ஓடிபி கேட்டுக் கொடுப்பது, யாரிடமாவது கொடுத்துப் பெயர் எழுதுவது, வாசலில் வைத்துப் படம் எடுப்பது என்று தரம் மாறும். வங்கி அட்டை வரும்போது டிரைவர் உங்கள் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்ப்பதும், அதைவிட விலை கூடிய லேப்டாப்பைக் காவலர் அறையில் வைத்துவிட்டுப் போவதும் இதனால்தான். அனுப்பியவர் எதற்குக் காசு கொடுத்தாரோ அதுதான் நடக்கும்.

இதைக் கேட்டதும் உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். ஆனால் இதே விஷயம்தான் உங்களுக்குச் சாதகம். அந்த ஒப்பந்தத்தில் நீங்கள் இல்லை என்றால், கூரியரோடு மல்லுக்கட்டும் வேலையும் உங்களுடையது இல்லை. நீங்கள் பணம் கொடுத்தது கடைக்கு. பொருளை உங்களிடம் சேர்க்க வேண்டியது கடை. கூரியரை அமர்த்தியதும் கடைதான், கூரியர் தவறு செய்தால் அவரிடம் நட்டம் வசூலிக்க வேண்டியதும் கடைதான். “கூரியரிடம் பேசுங்கள்” என்று உங்களைத் திருப்பி அனுப்புவது கடையின் சோம்பேறித்தனம். அதை ஏற்றுக்கொண்டு வாரக்கணக்கில் கால் சென்டருக்கு அழைத்துக்கொண்டிருப்பவர்களின் கோப்புகள்தான் என் மேசையில் அதிகம் வந்தன. அவர்களுக்கு நாங்கள் அனுப்பிய பதில் பெரும்பாலும் ஒன்றே: அனுப்பியவர் வழியாக வாருங்கள்.

சட்டத்துக்கு வருவோம். பழைய ரோமன்-டச்சுப் பொதுச் சட்டப்படி, விற்பனை முழுமையடைந்த கணத்திலேயே, பொருள் கைக்கு வரும் முன்பே, அது அழிந்துபோகும் அபாயம் வாங்குபவர் பக்கம் போய்விடும். 2011 மார்ச் 31 முதல் நடைமுறையில் இருக்கும் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதை நுகர்வோருக்காகத் திருப்பிப் போட்டது. அதன் 19-ஆம் பிரிவின்படி, வேறு விதமாக வெளிப்படையாக ஒப்புக்கொள்ளாத வரை, பொருளை ஒப்புக்கொண்ட இடத்தில் சேர்ப்பது விற்பவர் பொறுப்பு. வாங்குபவர் டெலிவரியை ஏற்றுக்கொள்ளும் வரை அபாயமும் விற்பவருடையதே. ஏற்றுக்கொள்வது என்றால் நீங்கள் சொல்லாலோ செயலாலோ ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும், இல்லையென்றால் பொருள் உங்களிடம் வந்து நியாயமான காலம்வரை மறுப்பில்லாமல் வைத்திருந்திருக்க வேண்டும். டிரைவர் தன் ஸ்கேனரில் ஒரு பொத்தானை அழுத்துவது இதில் எதிலும் சேராது.

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. அதே 19-ஆம் பிரிவின் முதல் உட்பிரிவு, மின்னணுத் தொடர்பு மற்றும் பரிவர்த்தனைச் சட்டத்தின் (2002) 46-ஆம் பிரிவு எந்தப் பரிவர்த்தனையின் நிறைவேற்றத்தை ஆள்கிறதோ அதற்கு இது பொருந்தாது என்கிறது. ஆன்லைன் ஆர்டர் எல்லாமே அந்த 46-க்குள் போய்விடுமா, அப்படியானால் அபாயம் பற்றிய பாதுகாப்பு உங்களுக்குக் கிடையாதா என்பது வாதத்துக்கு உரியது. கடையின் வழக்கறிஞர் கெட்டிக்காரராக இருந்தால் இதைப் பிடித்துக்கொள்வார். நடைமுறையில் இது பெரிய வித்தியாசம் செய்யாது என்பது என் கருத்து. காரணம், 46-ஆம் பிரிவும் உங்கள் பக்கமே பேசுகிறது. வேறு காலக்கெடு ஒப்புக்கொள்ளாவிட்டால், ஆர்டர் கிடைத்த மறுநாளிலிருந்து 30 நாளுக்குள் விற்பவர் அதை நிறைவேற்ற வேண்டும். தவறினால் 7 நாள் எழுத்து அறிவிப்புக் கொடுத்து நீங்கள் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். யாரோ ஒருவர் கையில் போன லேப்டாப்பை உங்கள் ஆர்டர் நிறைவேறியதாக யாரும் கணக்குக் காட்ட முடியாது. எந்த வழியில் போனாலும் கடையின் வாசலுக்குத்தான் வந்து நிற்கிறோம்.

அப்புறம் நிரூபிக்க வேண்டியது யார்? “வரவில்லை என்பதை நான் எப்படி நிரூபிப்பது?” என்று மாணவர்கள் பயப்படுவதைப் பார்த்திருக்கிறேன். இல்லாததை நிரூபிக்கச் சொல்லி யாரும் கேட்க முடியாது. கடனைக் கொடுத்துவிட்டேன், கடமையை முடித்துவிட்டேன் என்று சொல்பவர்தான் அதைக் காட்ட வேண்டும். ஆதாரச் சுமை பற்றி இந்த நாட்டு நீதிமன்றங்கள் இன்றும் மேற்கோள் காட்டும் தீர்ப்பு, 1946-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கொடுத்த பிள்ளை எதிர் கிருஷ்ணா. பெயரைப் பார்த்தாலே நம்மவர்கள் போட்ட சண்டை என்று தெரிகிறது. எப்படியோ ஊருக்கெல்லாம் உபயோகமாகிவிட்டது.

கடை காட்டும் ஆதாரம் என்னவாக இருக்கும்? ஸ்கேன் செய்த நேரம், ஜிபிஎஸ் புள்ளி, ஒரு பெயர், சில சமயம் ஒரு படம். இவற்றை எடைபோடத் தெரிந்துகொள்ளுங்கள். நேரம் நம்பகமானது. ஆனால் வண்டியில் உட்கார்ந்தபடியே ஐந்தாறு பார்சலை வரிசையாக ஸ்கேன் செய்து முடிக்கும் டிரைவர்கள் உண்டு. முன்பின் டெலிவரிகளின் நேரத்தையும் சேர்த்துக் கேட்டால், மூன்று தெருக்களில் மூன்று பார்சல் ஒரே நிமிடத்தில் கொடுக்கப்பட்டிருப்பது தெரியவரும். ஜிபிஎஸ் புள்ளி கட்டடத்தைக் காட்டுமே தவிர எந்தக் கதவு என்று காட்டாது, உயரமான கட்டடங்களுக்கு நடுவில் அடுத்த கட்டடத்துக்கே தள்ளிக் காட்டும். பெயர் டிரைவரே தட்டச்சு செய்வது. 2020 மார்ச் 27-இல் ஊரடங்கு தொடங்கிய பிறகு, தொற்றுக்குப் பயந்து கருவியை வாடிக்கையாளர் கையில் கொடுக்காமல் டிரைவரே பெயரைப் போட்டு ஒரு கோடு இழுத்துவிடும் பழக்கம் பரவலானது. தொற்று போய்விட்டது, அந்தப் பழக்கம் பல இடங்களில் போகவில்லை. உங்கள் கோணல் கோடு அந்த வகையாக இருக்க நிறைய வாய்ப்பு.

டிரைவரைத் திட்டும் முன் ஒரு விஷயம். இங்கே பல டிரைவர்கள் மாதச் சம்பளக்காரர்கள் இல்லை. சொந்த வண்டி, அல்லது இன்னொருவர் வண்டி, கொடுத்து முடித்த பார்சலுக்கு இத்தனை என்று கூலி. கேட்டில் இன்டர்காம் வேலை செய்யாமல் பத்து நிமிடம் நின்றால் அந்தப் பத்து நிமிடத்துக்குக் காசு கிடையாது. சரக்கோடு நிற்கும் வண்டியைக் கடத்துபவர்கள் இருக்கும் நாட்டில், வண்டியைத் தெருவில் விட்டுவிட்டு ஏழாவது மாடிக்கு ஏறி வரச் சொல்வது அவருக்கு நிஜமான ஆபத்து. மாணவர் விடுதிகளில் பகல் பதினொரு மணிக்கு அறையில் யார் இருப்பார்கள்? புதிதாக இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்தவர்கள் தொடர்பு எண்ணாக ஊர் எண்ணையே கொடுத்திருப்பார்கள். வெளிநாட்டு எண்ணுக்கு எந்த டிரைவரும் அழைக்க மாட்டார். இவ்வளவும் சேர்ந்துதான் அவரைக் காவலர் அறைக்குத் தள்ளுகிறது. இதெல்லாம் காரணம். கம்பெனிக்கும் கடைக்கும் இது மன்னிப்பாகிவிடாது, ஏனென்றால் அந்தக் கூலி முறையை வைத்தவர்கள் அவர்கள்.

இப்போது உங்கள் கேள்வியிலேயே எனக்கு மிகவும் சந்தேகமான பகுதி: காவலர். உண்மையிலேயே காவலர் வாங்கியிருந்தால் என்ன ஆகும்? இதற்கு ஒரே பதில் இல்லை. ஆர்டர் போடும்போது “இல்லாவிட்டால் செக்யூரிட்டியிடம் கொடுங்கள்” என்று நீங்கள் எழுதியிருந்தால், அவரை உங்கள் சார்பில் வாங்க நீங்களே நியமித்த மாதிரி. கடை பொறுப்பிலிருந்து நழுவிவிடும். வாடகை ஒப்பந்தத்திலோ விடுதி விதிகளிலோ “பார்சல்களை வரவேற்பறை பெற்றுக்கொள்ளும்” என்று இருந்தாலும் கிட்டத்தட்ட அதே நிலை, அதன் பிறகு உங்கள் சண்டை வீட்டு உரிமையாளருடனோ காவல் நிறுவனத்துடனோதான். அந்தச் சண்டை கடினம், ஏனென்றால் பொறுப்பேற்க மாட்டோம் என்று பெரும்பாலான ஒப்பந்தங்களில் ஒரு வரி இருக்கும். நீங்கள் எதுவும் எழுதாமல், விதியிலும் எதுவும் இல்லாமல், டிரைவராக முடிவெடுத்துக் காவலரிடம் கொடுத்தது என்றால், அவர் உங்கள் ஆள் இல்லை என்று நீங்கள் வலுவாக வாதாடலாம். ஆனால் இதற்கு முன் பலமுறை இதேபோல் கேட்டில் வந்த பார்சலை மறுப்பில்லாமல் வாங்கியிருந்தால், அந்த வழக்கத்தையே கடை சுட்டிக்காட்டும். யார் வெல்வார் என்று யாரும் உறுதி சொல்ல முடியாத இடம் இது.

உங்கள் விஷயத்தில் காவலர்கள் மறுக்கிறார்கள். ஆகவே இன்றே இரண்டு வேலை. பெரும்பாலான கேட்டுகளில் வருகைப் பதிவேடும் சம்பவப் பதிவேடும் இருக்கும், சில இடங்களில் பார்சலுக்குத் தனிப் புத்தகம். அந்தத் தேதிக்குரிய பக்கத்தைப் பார்க்கக் கேளுங்கள், அனுமதித்தால் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களுடைய பெயரும் எண்ணும் அதில் இருப்பதால் தயங்குவார்கள், அந்த நேரத்துக்குரிய வரி மட்டும் போதும் என்று சொல்லுங்கள். காவலர்கள் பெரும்பாலும் பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் மாறுவார்கள், நீங்கள் மாலையில் கேட்ட ஆள் காலையில் இருந்தவராக இல்லாமலும் இருக்கலாம். இரண்டாவது, சிசிடிவி. பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும், பல கட்டடங்களில் சில நாள் முதல் சில வாரம்வரைதான் தாங்கும். கட்டடத்தின் மேனேஜிங் ஏஜென்டுக்கு மின்னஞ்சலில், இந்தத் தேதி, இந்த மணி முதல் இந்த மணி வரையிலான பதிவை அழியாமல் எடுத்து வையுங்கள் என்று எழுதுங்கள். உங்களுக்கே காட்டச் சொல்லி முதலில் மோதாதீர்கள். தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி மறுப்பார்கள், அந்த வாக்குவாதம் முடிவதற்குள் பதிவு அழிந்துவிடும். எடுத்து வைக்கச் சொல்வதை மறுக்க அவர்களிடம் நல்ல காரணம் இல்லை.

கடைக்கு எழுதும்போது வார்த்தைகளில் கவனம். “என் பார்சல் திருடு போய்விட்டது” என்று எழுதாதீர்கள். திருடு போவதற்கு முதலில் அது உங்களிடம் வந்திருக்க வேண்டும் என்று வாதாட அது போதும். “ஆர்டர் எண் இது, பொருள் எனக்குக் கொடுக்கப்படவில்லை, என் சார்பில் யாரும் வாங்க நான் அனுமதி கொடுக்கவில்லை, மாற்றுப் பொருளோ முழுப் பணமோ தர வேண்டும்” என்ற அளவில் நிறுத்துங்கள். போலீஸ் நிலையத்தில் கொடுக்கும் வாக்குமூலத்திலும் இதே வார்த்தைகள். கடைகள் பெரும்பாலும் பிரமாணப் பத்திரம் கேட்கும். அருகிலுள்ள எந்தப் போலீஸ் நிலையத்திலும் அதைக் காசில்லாமல் சான்று செய்து தருவார்கள், வெளியே காசு கொடுக்கத் தேவையில்லை. “டிராக்கிங்கில் டெலிவரி என்று வந்தால் அதுவே இறுதிச் சான்று” என்று கடையின் நிபந்தனைகளில் இருந்தால் அதைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 51-ஆம் பிரிவு, பெறாத பொருளைப் பெற்றதாக நுகர்வோர் ஒப்புக்கொள்வதுபோல் பொய்யாக எழுதிய நிபந்தனையை அனுமதிப்பதில்லை. கடை எழுதிய அந்த வரி இதில் அடங்குமா என்பது வாசகத்தைப் பொறுத்தது, எடுத்து வைக்க வேண்டிய வாதம் என்பதில் சந்தேகமில்லை.

அட்டையில் பணம் கட்டியிருந்தால் வங்கியிடம், பொருள் வரவில்லை என்ற காரணத்தில் பணத்தைத் திரும்பப் பெறும் கோரிக்கை வைக்கலாம். டெபிட் அட்டைக்கும் இது உண்டு. கெடு பொதுவாக 120 நாள் அளவில் இருக்கும், வங்கியிடம் உங்கள் அட்டைக்கு எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். நேரடி வங்கிப் பரிமாற்றமாகக் கட்டியிருந்தால் இந்த வழி இல்லை. விலை கூடிய பொருளை அட்டையில் வாங்கச் சொல்வதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

கடை மசியவில்லை என்றால், நுகர்வோர் பொருள் மற்றும் சேவைக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை. கூரியரின் நடத்தை பற்றித் தனியாகப் புகார் செய்ய விரும்பினால், அஞ்சல் சேவைகள் சட்டத்தின்கீழ் கூரியர் கம்பெனிகளைப் பதிவு செய்யும் இக்காசா என்ற ஒழுங்குமுறை ஆணையத்திடம் எழுதலாம், பணம் வாங்கித் தரும் வழி என்று அதை நினைக்க வேண்டாம். பணத்துக்கு நல்ல வழி சிறு உரிமைக்கோரல் நீதிமன்றம். 2019 ஏப்ரலில் உச்சவரம்பு 20,000 ராண்டாக உயர்ந்தது, உங்கள் 14,000 அதற்குள் அடங்குகிறது. 14 நாள் கெடு வைத்து ஒரு கோரிக்கைக் கடிதம் முதலில் அனுப்ப வேண்டும். அங்கே யாருக்காகவும் வழக்கறிஞர் வாதாட முடியாது, கம்பெனியும் தன் இயக்குநர் அல்லது அதிகாரி ஒருவரைத்தான் அனுப்ப வேண்டும். மாணவர் விசாவில் இருப்பவரும் வழக்குப் போடலாம். என் அனுபவத்தில், அந்த 14 நாள் கடிதம் போய்ச் சேர்ந்ததுமே பாதிக் கடைகள் இறங்கி வந்துவிடும்.

இன்னொருவர், அம்மா மதுரையிலிருந்து அனுப்பிய பொடி, ஊறுகாய் பார்சலுக்கும் இதே விதிதானா என்று கேட்டிருந்தார். இல்லை. அங்கே கூரியரோடு ஒப்பந்தம் செய்தவர் அம்மா, கோரிக்கை அவர் பெயரில் இந்தியாவிலிருந்து போக வேண்டும். விமானத்தில் நேர்ந்த இழப்புக்கு மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி எடைக்கு ஏற்ப ஓர் உச்சவரம்பு உண்டு. கூடுதல் மதிப்பை முன்கூட்டியே அறிவித்துக் கட்டணம் கட்டியிருந்தால் மட்டுமே அதைத் தாண்டிக் கிடைக்கும்.

அடுத்த முறைக்கு: கிளென்வுட் மாதிரிப் பகுதியில் முகவரியையே ஒருமுறை சரிபாருங்கள். டேவன்போர்ட் ரோடு ஹெலன் ஜோசப் ரோடானது, மூர் ரோடு சே குவேரா ரோடானது. சில கடைகளின் கணினி இன்னும் பழைய பெயரைத்தான் எடுக்கும், டிரைவரின் வரைபடம் புதியதைத் தேடும். கட்டடத்தின் பெயர், அறை எண், எந்தத் தெரு வழியாக உள்ளே வர வேண்டும், உள்ளூர் கைபேசி எண், இவ்வளவும் முகவரிப் பெட்டியிலேயே இருக்கட்டும். குறிப்புப் பெட்டி டிரைவரின் திரைவரை போய்ச் சேரும் என்று நம்பாதீர்கள். ஓடிபி வசதி இருந்தால் தேர்ந்தெடுங்கள், அந்த எண்ணைத் தொலைபேசியில் கேட்கும் யாருக்கும் சொல்லாதீர்கள், டிரைவர் முன்னால் நிற்கும்போது மட்டும். லேப்டாப், போன் என்றால் வீட்டுக்கே வர வேண்டாம். பார்சலை நீங்களே போய் எடுக்கும் இடங்களான பூடோ பெட்டகமோ பார்கோ நிலையமோ பெப் கடையில் பேக்ஸியோ, கடை எதைக் கொடுக்கிறதோ அதில் போட்டுவிட்டு, உங்கள் வசதிக்கு எடுத்துக்கொள்ளலாம். டர்பனில் நம்மவர்கள் அதிகமுள்ள சாட்ஸ்வொர்த் மாதிரி இடத்தில் பகலெல்லாம் வீட்டிலிருக்கும் ஓர் ஆன்ட்டி கீழ்தளத்தில் இருந்தால் அவர் பெயரையும் எண்ணையும் கேட்டு மாற்றுப் பெறுநராகப் போடுங்கள். ஆனால் நியமித்தது நீங்கள் என்பதால், அவர் வாங்கிய பிறகு கடையைக் கேட்க முடியாது.